சத்தமும் வயதும்

(மீன்சுருட்டியில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டு தேதிகளிலிருந்து தொடங்குகிறேன். 1976 ஏப்ரல் 23ஆம் தேதி, அமெரிக்காவில் ரமோன்ஸ் என்கிற பங்க் ராக் நால்வர் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. சரியாக மூன்று வாரம் கழித்து, மே 14ஆம் தேதி, தமிழ்நாட்டில் இளையராஜா இசையமைத்த ‘அன்னக்கிளி’ படம் வெளியானது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த நால்வருக்கு இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரிந்திருக்காது. இளையராஜாவும் அவர்களைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் இந்த இரண்டு சத்தத்தோடும் சேர்ந்தே வயதாகி, இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். கோபமான இசையைக் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு வயதானால் அந்த இசை என்ன ஆகிறது, அவன் என்ன ஆகிறான் என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

மீன்சுருட்டியில் பங்க் ராக்கைப் பற்றி ஒரு கூட்டமா என்று நோட்டீஸைப் பார்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூரில் கட்டடம் கட்டியிருக்கிறார்கள், துபாயில் வெயிலில் நின்றிருக்கிறார்கள், கப்பலுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது பணத்தையும் கோடாலித் தைலத்தையும் மட்டும் கொண்டுவரவில்லை. காதிலும் சிலதைக் கொண்டுவந்தோம். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

இளையவர்களுக்காக 1976ஐக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது அரியலூர் மாவட்டமும் கிடையாது, பெரம்பலூர் மாவட்டமும் கிடையாது. நாமெல்லாம் திருச்சி மாவட்டம். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 31ஆம் தேதி கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாட்டு மட்டும் சத்தமாக இருந்தது. அதுவும் யாருடைய பாட்டு? ‘ஆராதனா’, ‘பாபி’, ‘ஷோலே’. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத ஊரில், காதுகுத்து வீட்டு மைக்செட்டில் இந்திப் பாட்டு ஓடும். அதுதான் நாகரிகம் என்று இருந்தது. அந்த நேரத்தில் இலங்கை வானொலியில் எஸ். ஜானகியின் குரலில் அன்னக்கிளிப் பாட்டு வந்தபோது, நடவு வயலில் கேட்கிற மெட்டை யாரோ எடுத்துப்போய் ரேடியோவில் வைத்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது. நம்முடைய சத்தம் ரேடியோவில் வரலாம் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தியாகராஜ பாகவதரைக் கேட்டவர்களுக்கு அது டப்பாங்குத்து.

அந்த இசை எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நடுவே போய்ப் பாடியவர். தம்பியும் பதின்ம வயதிலேயே அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். ஆர்மோனியம் ஒன்று, தோல் கருவி ஒன்று, மக்களுக்குத் தெரிந்த மெட்டில் புதிய வரிகள், எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் கூலிக்காரர்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 18 வருடம் கழித்துத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று பங்க் ராக் பையன்கள் நினைத்ததில் பாதி இதில் இருக்கிறது.

அவர்கள் என்ன செய்தார்கள்? எழுபதுகளில் மேலை நாட்டு ராக் இசை பெரிய பணக்கார வீட்டுச் சமாச்சாரமாக ஆகியிருந்தது. ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும். அதில் பத்து நிமிடம் ஒருவர் கித்தார் வித்தை காட்டுவார். சாதாரண வீட்டுப் பையன் அதைப் பார்த்துக் கைதட்டலாம், தானே செய்ய முடியாது. ரமோன்ஸ் அதை உடைத்தார்கள். அவர்களுடைய முதல் தட்டில் 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். செலவு ஏறத்தாழ 6,400 டாலர். லண்டனில் வேலையில்லாத பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1977 ஜனவரியில் சைட்பர்ன்ஸ் என்று கையால் செய்த ஒரு சின்னப் பத்திரிகையில் கித்தாரில் மூன்று சுரக்கட்டுகளை எப்படிப் பிடிப்பது என்று படம் போட்டு, இது போதும், போய்க் குழு தொடங்கு என்று எழுதியிருந்தார்கள். அதே வருடம் ராணியின் வெள்ளிவிழாவின்போது செக்ஸ் பிஸ்டல்ஸ் என்கிற குழு பாடிய பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது.

எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது இன்னொரு காரணத்தால். 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் என்கிற பெரிய கித்தார் கலைஞர், குடியேறிய வெளிநாட்டவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று பேசினார். கறுப்பர்களின் இசையை வாசித்துப் பேர் வாங்கியவர் அவர். அதை எதிர்த்து இனவெறிக்கு எதிரான ராக் என்று ஓர் இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30ஆம் தேதி டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்கா வரை பெரும் கூட்டம் ஊர்வலமாக நடந்து போனது. முடிவில் கிளாஷ் என்கிற பங்க் குழு வாசித்தது. நான்கு நாள் கழித்து, மே 4ஆம் தேதி, அதே கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்கிற வங்காளத் தையல் தொழிலாளியைக் கொன்றார்கள். பாட்டு அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் பிழைப்புக்குப் போன நம்மைப் போன்றவர்கள் பக்கம் அந்த ஊர்ப் பையன்களில் ஒரு கூட்டம் நின்றது என்பதை நான் மறக்க மாட்டேன். நானும் அன்னிய ஊரில் கூலி வேலை பார்த்தவன்.

எண்பதுகளில் நான் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போவோம், சாப்பிடுவோம், ஊர்க்காரர்களைப் பார்ப்போம். கொஞ்சம் தள்ளி நடந்தால் சுங்கை ரோடு. தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்பார்கள். கடிகாரம், செருப்பு, டெலிபோன், கேசட். 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். அங்கேதான் ஒரு கேசட்டைக் கையில் எடுத்தேன். அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம். ஒருவன் கால்களை அகட்டிக் குனிந்து, கோடாலியால் விறகு பிளக்கிறவன் மாதிரி எதையோ ஓங்கியிருக்கிறான். முகம் தெரியவில்லை. வேலை செய்கிறவன் படம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். நாங்கள் தங்கியிருந்த கொங்சிக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அவன் ஓங்கியிருப்பது கித்தார் என்று தெரிந்தது. கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ அது. 1979இல் வந்தது.

எனக்கு அன்று இங்கிலீஷ் பத்து வார்த்தை தெரியும், அதில் ஐந்து சிமென்ட் சம்பந்தப்பட்டது. பாடியவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. ஆனால் அவர் குரலில் இருந்தது புரிந்தது. ராகம் அமையவில்லையே என்று அவர் கவலைப்படவில்லை. தொண்டை கிழிந்தால் கிழியட்டும், சொல்லியாக வேண்டும் என்கிற அவசரம். பகலெல்லாம் மேஸ்திரி திட்டினால் தலையைக் குனிந்துகொள்கிற இடத்தில், இரவு காதில் அந்த அவசரம் ஓடியது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த கொரடாச்சேரிக்காரர் வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டு, “என்னப்பா தம்பி, சண்டை போடுற சத்தமா இருக்கு” என்றார். ஆமாம் அண்ணே என்றேன். அதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் அதைப் பற்றிப் படிக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது அந்த கேசட்டும் வந்தது. ஜெயங்கொண்டத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த இளையராஜா கேசட்டுகளுக்கு நடுவில் அது இருந்தது. கல்யாணம், பிள்ளைகள், முந்திரிக்கொல்லை, கடன், அப்பாவின் சாவு எல்லாவற்றுக்கும் நடுவில் அது இருந்தது. நாடா பூஞ்சணம் பிடித்துப் போனபிறகு மகன் போனில் ஏற்றிக் கொடுத்தான். இப்போது வீட்டில் கேட்கிற கேள்வி, “இந்த வயசுல இது உங்களுக்குத் தேவையா?” என்பது. அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். பக்திப் பாட்டு கேளுங்கள், ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் காதைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே என் வயதுக்காரர்கள் நிறைய இருக்கிறீர்கள். நம் உட்காதில் நத்தை வடிவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உண்டு. பிறக்கும்போது கொடுத்ததுதான் கணக்கு. செத்தால் மறுபடி முளைக்காது. உச்சமான ஒலிகளை வாங்கும் செல்கள் வாசல் பக்கத்தில் இருக்கின்றன. வயதானால் முதலில் போவதும் அவைதான். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த ஒலிகள், அவை நன்றாகக் கேட்கும். ச, ஸ, த, க போன்றவற்றின் கூர்மை உச்சத்தில் இருக்கிறது. அது மங்கும். அதனால்தான் பேரப்பிள்ளை பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொன்னாள் என்று தெரிவதில்லை.

இதை டாக்டர் விளக்கியபோது எனக்கு ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தது. நாமெல்லாம் சொல்கிறோமே, “அந்தக் காலத்துப் பாட்டில் ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்கும், இப்போது வருவதில் ஒரு எழவும் புரியவில்லை” என்று. பழைய பாட்டில் காது விட்டதை ஞாபகம் எழுதிக்கொடுக்கிறது. நூறு முறை கேட்ட பாட்டில் நமக்கு மெய்யெழுத்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புதுப்பாட்டுக்கு ஞாபகத்தில் எதுவும் கிடையாது. இன்றைய பாட்டுகளில் சத்தத்தை நெருக்கிப் போடுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் குறையில் ஒரு பங்கு நம் காதில் இருக்கிறது. அதைப் பாட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெவ்வேறு வயதுக்காரர்களுக்கு வெவ்வேறு காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலும் தங்களுக்கு 23, 24 வயது இருக்கும்போது வந்த பாட்டுகளே எல்லோருக்கும் அதிகம் பிடித்திருந்தன. எனக்கு இது ஆறுதலாகவும் இருந்தது, எச்சரிக்கையாகவும் இருந்தது. பாகவதரைக் கேட்ட என் அப்பா, இளையராஜாவைக் கேட்ட நான், அனிருத்தைக் கேட்கிற என் பேத்தி, மூவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம். இசை கெட்டுப்போய்விட்டது என்று அப்பா சொன்னபோது அவருக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது சின்னவர்.

சரி, கேட்டவனை விடுங்கள், பாடியவர்கள் என்ன ஆனார்கள்? ரமோன்ஸ் நால்வரில் ஜோயி 2001இல் 49 வயதில் புற்றுநோயில் இறந்தார். டீ டீ 2002இல், ஜானி 2004இல். கடைசியாக இருந்த டாமி 2014 ஜூலையில். அவர்களுடைய முதல் தட்டு அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதி விற்று தங்கத்தட்டு ஆனது அதே 2014இல், அதாவது 38 வருடம் கழித்து. நால்வரில் மூவர் அப்போது இல்லை. இன்றைக்கு அந்தக் கழுகுச் சின்னம் போட்ட டி-ஷர்ட்டை நம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கலாம். போட்டிருக்கும் பையனுக்கு அது யார் என்று தெரியாது. எனக்கு அதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

கிளாஷின் ஜோ ஸ்டிரம்மர், அந்தக் கிழிந்த தொண்டைக்காரர், 2002 டிசம்பரில் 50 வயதில் இறந்தார். அதற்கு ஐந்து வாரம் முன்னால் லண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில் வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக வாசித்தார். சண்டை போட்டுப் பிரிந்த பழைய கூட்டாளி மிக் ஜோன்ஸ் கூட்டத்திலிருந்து ஏறிவந்து சேர்ந்துகொண்டார். ஒரு கலைஞன் 25 வயதில் எந்தப் பக்கம் நின்றானோ அதே பக்கம் 50 வயதிலும் நிற்கிறான். எனக்கு அது போதும்.

இவர்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன். ராணியைக் கேலி செய்து பாடியவர். 2008இல் வெண்ணெய் விளம்பரத்தில் நடித்தார், ஏச்சு வாங்கினார். அவர் இப்போது பேசுகிற அரசியலும் எனக்கு ஒவ்வாது. ஆனால் அவர் மனைவி நோராவுக்கு மறதி நோய் வந்தது. தன்னைவிட வயதில் மூத்த அந்த அம்மாவை வேறு யாரிடமும் ஒப்படைக்காமல் வருடக்கணக்கில் அவரே பார்த்துக்கொண்டார். 2023 பிப்ரவரியில், 67 வயதில், அயர்லாந்துத் தொலைக்காட்சியில் ஒரு பாட்டுப் போட்டிக்கு வந்தார். இருவரும் ஒரு காலத்தில் ஹவாய்க்குப் போயிருந்ததை நினைத்து எழுதிய மெதுவான பாட்டு. நாலாவது இடம்தான் கிடைத்தது. ஏப்ரலில் நோரா இறந்துபோனார். உலகத்திலேயே கோபமான வாய் என்று பேர் வாங்கிய மனிதர், கண்ணில் நீர் நிற்க, மறந்துகொண்டே போகிற மனைவிக்காகப் பாடுவதைப் பாருங்கள். நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் சாந்தமாகிவிட்டார், பங்க்கை விட்டுவிட்டார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குரல் நடுங்குவதை மறைக்காமல், தேர்ச்சி இருக்கிறதா என்று கேட்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்வதுதான் அவர் முதல் நாளிலிருந்து செய்தது.

ஆனால் அந்த ஊர்ப் பங்க் இசையில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் அதை இளமைக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முப்பது வயதைத் தாண்டினால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தலை நரைத்தவன் அந்தக் கூட்டத்தில் நின்றால் அவனுக்கே கூச்சமாக இருக்குமாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பக்கத்துத் தப்பும் பறையும் நினைவுக்கு வரும். அந்த வட்டத்தில் கிழவர்தான் நடுவில் நிற்பார்.

இங்கே நான் கவனமாகப் பேச வேண்டும். நான் ஊர்த்தெருவில் பிறந்தவன். பறையைப் பற்றி எனக்கு முன்னால் பேச வேண்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். வேப்ப மரச் சட்டத்தை வளைத்துச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, அவரே பறை கட்டுவார். ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் பறையைக் காட்டுவார். தோல் காய்ந்துகொண்டே வரும்போது விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார். இரண்டு பறைக்கு நடுவில் சுதி பொருந்தவில்லையென்றால் மறுபடி நெருப்புக்குக் கொண்டுபோவார். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி. சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, சப்பரத்துக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. சாவு வீட்டு அடி வேறு. அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி. ஆட்டத்தில் பையன்கள் குதிக்கும்போது அவர் குதிப்பதில்லை. நடுவில் நின்று சிம்புக்குச்சியை மட்டும் அசைப்பார். மொத்த வட்டமும் அதற்குத் திரும்பும்.

இதே மனிதரை நான் சிறுவனாக இருந்தபோது, என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் கூட ‘வா, போ’ என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சாவு விழுந்தால் ராத்திரி எந்நேரமானாலும் ஆள் போகும், அவர் வந்தாக வேண்டும். விருப்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கூலி என்று பேசவில்லை. லண்டன் பையன் தானாக விரும்பிச் சத்தம் போட்டான். இவர் சொன்னால் அடிக்க வேண்டும், சொன்னால் நிறுத்த வேண்டும். அவர் கையில் இருந்த கலை எவ்வளவு பெரியதென்று தெரிந்துகொள்ளவிடாமல் அந்த ஏற்பாடு எங்கள் காதை அடைத்து வைத்திருந்தது.

பிறகு அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி வந்த எழுச்சியில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இளைஞர்கள், இனிமேல் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்றார்கள். பறையை நெருப்பில் போட்டவர்களும் உண்டு. அதற்காக அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். நான் இத்தனை வருடம் கேட்ட பங்க் இசை முழுவதையும் ஒரு தட்டில் வைத்து, அவர்கள் அடிக்க மறுத்த அந்த ஒரு ராத்திரியை மறு தட்டில் வைத்தால், ராத்திரி பக்கம்தான் தாழும் என்பேன். ஒரு வாத்தியம் வாசிக்காமல் இருப்பதே எதிர்ப்பாக ஆனது நம் மண்ணில்தான்.

பெரியவருக்கு அப்போது இரண்டு பக்கமும் வலி. மகன் மறுத்ததில் பெருமை, தன்னோடு அடிகள் போய்விடுமோ என்கிற பயம். இதை அவர் வாயாலேயே கேட்டேன். ஆனால் அடிகள் போகவில்லை. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் சென்னையிலும் கலைக்குழுக்கள் பறையை மேடைக்குக் கொண்டுவந்தன. சாவுக்கு அடிக்க மாட்டோம், விடுதலைக்கு அடிப்போம் என்றார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறையை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். பறைக்குப் பெண் கை வந்தது சின்ன விஷயமில்லை. மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் பெரியவரிடம் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் வந்து அடி கற்றுக்கொள்கிறார்கள். அவரை வாத்தியார் என்று கூப்பிடுகிறார்கள்.

சென்னையில் 2018 ஜனவரி 6ஆம் தேதி ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. பறையும் சட்டியும் ஒரு பக்கம், மின்கித்தார் ஒரு பக்கம், கானா பாடும் இசைவாணி, அறிவு. என் பேத்தி போனில் போட்டுக் காட்டினாள். அதில் சாவு வீட்டுக் கானாவும் இருந்தது, சுங்கை ரோட்டில் வாங்கிய கேசட்டின் அவசரமும் இருந்தது. வரிகள் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவளை எழுதிக்கொடுக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுப் படித்துக்கொண்டே கேட்டேன். இரண்டாம் முறை தெளிவாகக் கேட்டது.

மாதங்கி அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ.வையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரில் அகதியாகத் திரும்பிப்போன தமிழ்ப் பெண். 2007இல் அவர் பாடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடியில் ஓடுவது கிளாஷ் குழு 1982இல் வாசித்த ஒரு பாட்டின் இசை. அந்தப் பழைய பாட்டு, போன நாட்டில் வேண்டாதவர்களாக நிற்கும் குடியேறிகளைப் பற்றியது. ஸ்டிரம்மர் செத்து ஐந்து வருடம் கழித்து, அவர் யாருக்காகப் பாடினாரோ அவர்களில் ஒருத்தியே அதை எடுத்துத் தன் வாயால் பாடினாள். விசா தேடி அலைந்த நம் ஊர்ப் பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எது? அதை முதலில் கேட்டபோது அந்த மெட்டு எனக்கு எங்கிருந்தோ பழக்கமானதாகத் தோன்றியது. எது என்று பிடிபட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

இனி இளையராஜாவிடம் திரும்புகிறேன். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஹாமர்ஸ்மித்தில், 81 வயதில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இளையராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றினார். 1978இல் கிளாஷ் ஒரு பாட்டுக்குப் பேராக வைத்த நடன அரங்கம் அதே ஹாமர்ஸ்மித்தில்தான் இருந்தது. இப்போது இடித்துவிட்டார்கள். அதே 2025 ஜூலை 27ஆம் தேதி இளையராஜாவே இதோ நம் பக்கத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் முன்னிலையில் பக்திப் பாடல்களை நிகழ்த்தினார். தேவிகுளம் தேயிலைத் தோட்டத்திலிருந்து தொடங்கியவர் எங்கே வந்து சேர்ந்தார் என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். அவருடைய பக்தி அவருடையது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அவர் பாவலர் குழுவில் பாடித் திரிந்த நாட்களையும் அந்த மேடையில் ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்கு நிறைவாக இருந்திருக்கும். கலைஞனுக்கு வயதானால் ஊர் அவனுக்குச் சால்வை போர்த்துகிறது, சால்வைக்கு அடியில் பழைய சட்டை மறைந்துவிடுகிறது.

அதனால் வீட்டில் கேட்கிற கேள்விக்கு என் பதில் இது. இந்த வயதில்தான் எனக்கு இது தேவை. இருபது வயதில் கோபப்பட எனக்குத் தெரிந்த காரணம் மேஸ்திரி ஒருவர்தான். இப்போது காரணங்கள் தெரிந்திருக்கின்றன. முந்திரிக்கொல்லைக்காரன் கடனில் இருப்பது தெரிகிறது. சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் சில ஊர்களில் சண்டை நடப்பது தெரிகிறது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அதற்காகக் கோபத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வேண்டுகோள். திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அந்த 15,000 செல்களும் உங்களுக்கு இன்னும் ஐம்பது வருடம் வேலை செய்ய வேண்டும். மற்றது, பறை கட்டவும் அடி சொல்லிக்கொடுக்கவும் தெரிந்தவர்கள் நம்மைச் சுற்றியிருக்கும் ஊர்களில் சிலர்தான் மிச்சம். அவர்கள் சம்மதித்தால், உரிய சம்பளம் கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வோர் அடியையும் பேரோடு பதிவு செய்யுங்கள். உங்கள் கையில் இருக்கும் போனே அதற்குப் போதும்.

கூட்டம் முடிந்ததும் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் இப்போது கேட்கிற பாட்டு எதுவாக இருந்தாலும் கொண்டுவந்து போட்டுக் காட்டுங்கள். வரிகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தால் உதவியாக இருக்கும். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்வேன், ஏன் என்றும் சொல்வேன். வெறும் சத்தம் என்று மட்டும் என் வாயிலிருந்து வராது.